‘ரகசியம் காப்பேன்’ என்று கையெழுத்துப் போட்டேன். இப்போது ரெக்கார்டிங்கை போலீஸ் கேட்கிறது!

சென்னையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கும் 28 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிந்துவிடக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

நகரத்தில் வாழும் வயதுவந்தவர்கள் போதைப்பொருள் எடுத்துக்கொண்டு உடலுறவில் ஈடுபடுவது பற்றியது அவருடைய ஆய்வு. ஆய்வுலகில் இதற்கு ‘கெம்செக்ஸ்’ என்று பெயர். அவர் பேசியவர்களோ ‘ஹை ஃபன்’ என்கிறார்களாம். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்த பிறகு, ஆணும் பெண்ணுமாக எட்டுப் பேரைப் பேட்டி எடுத்திருக்கிறார். எல்லோரும் 21 வயதைத் தாண்டியவர்கள். பேட்டிகளைத் தன் போனிலேயே பதிவு செய்து, ஒவ்வொரு ஃபைலுக்கும் பேசியவரின் பெயரையே வைத்திருக்கிறார். ‘நீங்கள் சொல்வது எதுவும் எந்தச் சூழ்நிலையிலும் யாருக்கும் தெரியவராது’ என்று அச்சடித்த ஒப்புதல் படிவத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வந்துபோகும் செலவுக்கு ஆளுக்கு 500 ரூபாய் ஜிபே செய்திருக்கிறார்.

எட்டுப் பேரில் ஒருவர் மூன்று வாரத்துக்கு முன் மெத்தம்பெட்டமைனுடன் பிடிபட்டார். அவர் போனைக் குடைந்த போலீஸ், 500 ரூபாய் வந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வாசகியைக் கூப்பிட்டிருக்கிறது. “ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்கம்மா. அவன் பேசுன ரெக்கார்டிங் இருக்காமே, அதையும் எடுத்துட்டு வாங்க.” கைடிடம் ஓடியிருக்கிறார். “எல்லாத்தையும் டெலிட் பண்ணிடு. நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதே” என்றாராம் கைடு. “ஊர்ல வேற தலைப்பே கிடைக்கலையா உனக்கு?” என்று அம்மா அழுகிறார். ஹார்ட் டிஸ்க் இப்போது அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.

இன்னும் மூன்று விஷயங்கள் அவரை அரிக்கின்றன. பேட்டி கொடுத்த ஒரு பெண், போதையில் நினைவு தடுமாறிக் கிடந்தபோது ஒருவன் தன்னிடம் அத்துமீறியதைச் சொல்லியிருக்கிறார். இப்போது 24 வயதாகும் ஓர் இளைஞர், தனக்கு 17 வயதில், வயதில் மூத்த ஒருவர் போதை மாத்திரை கொடுத்து உறவு வைத்துக்கொண்டதைச் சொல்லியிருக்கிறார். மூன்றாமவர் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லியிருக்கிறார்.

கடிதத்தின் கடைசி வரிகளை அப்படியே தருகிறேன். “எட்டாவதாகப் பேசிய பையன் கிளம்பும்போது, ‘இதெல்லாம் சொன்னதால எனக்கு ஏதாவது ஆகுமா அக்கா?’ என்று கேட்டான். ‘ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்’ என்றேன். இப்போது தூக்கமே வருவதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்? இந்த ஆராய்ச்சியையே விட்டுவிடட்டுமா?”

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மூச்சு விடுங்கள். நீங்கள் கைதாகிற நிலையில் இல்லை. ஆனால் அடுத்த சில நாட்களில் செய்யும் ஒரு தவறு உங்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தலாம். ஆகவே அவசரமானதில் தொடங்குகிறேன்.

எதையும் அழிக்காதீர்கள்

உங்கள் கைடு பயத்தில் சொன்ன யோசனை, எட்டுப் பேரையும் உங்களையும் ஒருசேரக் கவிழ்க்கும் யோசனை. பேட்டி முடிந்த அன்றே எழுத்தாக்கி, பெயரை மாற்றி, ஒலிப்பதிவை அழித்திருந்தால் அது ஆய்வு ஒழுக்கம். நெறிமுறைக் குழுவே அதைப் பாராட்டியிருக்கும். போலீஸ் போன் வந்த பிறகு அழித்தால், சாட்சியமாகக் கேட்கப்படும் ஒன்றை வராமல் செய்ததாக ஆகும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-வது பிரிவு சாட்சியத்தை மறைப்பதையும், 241-வது பிரிவு ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ அழிப்பதையும் குற்றம் என்கின்றன. ஒரே செயல்தான், தேதிதான் வேறு. இப்போது சாட்சியாக இருக்கும் உங்களை அந்த ஒரு பொத்தான் குற்றம் சாட்டப்பட்டவராக்கிவிடும். அழித்ததைத் தடயவியல் ஆய்வகத்தில் பெரும்பாலும் மீட்டுவிடுவார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

அதேபோல ஃபைல்களின் பெயரை இன்று மாற்றுவதும், யாருக்காவது அனுப்பிவைப்பதும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஆனால் பீரோவில் ஒளித்து வைத்ததாக இல்லாமல், ‘ஆய்வுத் தரவு என் வீட்டில் பூட்டிய அலமாரியில் பத்திரமாக இருக்கிறது’ என்று இன்றே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். கைடு, துறைத் தலைவர், நெறிமுறைக் குழுச் செயலாளர், பதிவாளர் நால்வருக்கும் போகட்டும். போலீஸ் போன் செய்த நாள், நேரம், பேசியவர் சொன்ன பெயர், கேட்டது என்ன என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அனுமதி கொடுத்த நிறுவனம் உங்களைத் தனியே விட்டுவிட்டு ஒதுங்க முடியாது. வாய்வார்த்தையாகச் சொன்னால் ஒதுங்குவார்கள், எழுதினால் ஒதுங்குவது கஷ்டம்.

வரும் தாளில் எந்தப் பிரிவு எண் இருக்கிறது?

போனில் கூப்பிட்டால் ஸ்டேஷனுக்குப் போயே தீர வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு, சாட்சியை எழுத்துமூல உத்தரவால்தான் வரவழைக்க வேண்டும் என்கிறது. அதைவிட முக்கியம், பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அவர்கள்தான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அம்மா பதறுவார் என்று நீங்களே ஸ்டேஷனுக்குப் போக விரும்பினால் போகலாம், ஆனால் வக்கீலோடு போங்கள். மரியாதையாகச் சொன்னால் போதும்: “சார், ஒத்துழைக்கத் தயாரா இருக்கேன். நோட்டீஸ் அனுப்புங்க, வீட்ல இருந்து பதில் சொல்றேன்.” இப்படிச் சொன்னதற்காக யாரும் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது.

தாள் வந்ததும் தலைப்பைப் பார்க்காதீர்கள், பிரிவு எண்ணைப் பாருங்கள். 179 என்றிருந்தால் நீங்கள் சாட்சி. 94 என்றிருந்தால் ஆவணமோ சாதனமோ கேட்கிறார்கள். 35(3) என்றிருந்தால் உங்களையே சந்தேகிக்கிறார்கள். வக்கீல் இல்லாமல் ஒரு வார்த்தை பேச வேண்டாம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 67-வது பிரிவைப் போட்டும் தகவல் கேட்கலாம். அந்த 67-ஐ வைத்து வாங்கிய வாக்குமூலங்களால் இந்த நாட்டில் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். 2020 அக்டோபர் 29-ல் உச்ச நீதிமன்றம், தூஃபான் சிங் என்பவர் தமிழ்நாடு அரசை எதிர்த்து நடத்திய வழக்கில்தான், அப்படி வாங்கும் வாக்குமூலம் ஒப்புதல் வாக்குமூலமாகச் செல்லாது என்று தீர்த்தது. நம் மாநிலத்திலிருந்து போன வழக்கு என்பதால் இங்கே இருக்கிற அதிகாரிகளுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும்.

சாட்சியாக விசாரித்தால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். உங்கள் மேலேயே குற்றம் திரும்பக்கூடிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு. போலீஸ் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடத் தேவையில்லை. சட்டமே வாங்கக் கூடாது என்கிறது. “ஒரு சைன் மட்டும்” என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் தலையணையோடு பேசிக்கொண்டிருக்கிற கேள்விக்கு வருகிறேன்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி எதைக் காக்கும்?

உங்கள் படிப்பைக் காக்கும். பேட்டி கொடுத்தவரைப் போலீஸிடமிருந்து காக்காது. உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் ‘எத்திக்ஸ் க்ளியரன்ஸ் இருக்கிறதே’ என்று எழுதியிருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள், பாலினச் சிறுபான்மையினர் போன்ற எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் ஆய்வு செய்யும்போது ரகசியத்தை எப்படிக் காக்க வேண்டும் என்று சொல்கின்றன. அதெல்லாம் ஆய்வாளருக்கு இட்ட கடமை. அதைக் காட்டி நீதிமன்றத்தில் ‘நான் சொல்ல மாட்டேன்’ என்று நிற்க முடியாது. சாட்சியச் சட்டத்தில் ரகசியம் காக்கும் உரிமை, கட்சிக்காரர் தன் வக்கீலிடம் சொன்னதற்கு உண்டு, கணவன் மனைவிக்கு உண்டு. மருத்துவருக்கே அந்த உரிமை முழுதாகக் கிடையாது. ஆய்வாளர் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

அமெரிக்காவில் வேறு ஏற்பாடு இருக்கிறது. வியட்நாம் போரிலிருந்து ஹெராயின் பழக்கத்தோடு திரும்பிய சிப்பாய்கள் ஆய்வாளர்களிடம் வாய் திறக்கவே பயந்தார்கள். அதனால் 1970-ல் கொண்டுவந்த போதைப்பொருள் சட்டத்திலேயே ‘ரகசியச் சான்றிதழ்’ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அது கையில் இருந்தால், ஆய்வில் பங்கேற்றவரின் பெயரை நீதிமன்றமே கேட்டாலும் ஆய்வாளர் மறுக்கலாம். 2017 முதல் அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதியில் நடக்கும் இத்தகைய ஆய்வுகளுக்கு அது தானாகவே கிடைத்துவிடுகிறது. நீங்கள் படித்த ஆங்கிலப் பாடநூல்கள் பெரும்பாலும் அந்த ஊரில் எழுதியவை. அங்கிருந்து எடுத்த படிவத்தின் வாசகம் நம் ஊரில் வெறும் காகிதம். அந்தச் சான்றிதழுக்கு இணையான சட்டம் இந்தியாவில் வர வேண்டும் என்று நான் பல வருடமாகப் பேசிவருகிறேன்.

சட்டப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் கொடுத்த வாக்கு என்ன ஆகும் என்பதற்கு மூன்று கதைகள் உண்டு. பாஸ்டன் கல்லூரி 2001-லிருந்து வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரைப் பேட்டி எடுத்தது. ‘நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியே வராது’ என்று வாக்கு. ‘அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ என்ற வரி திட்ட இயக்குநரின் ஒப்பந்தத்தில் இருந்தது, பேட்டி கொடுத்தவர்கள் கையெழுத்திட்ட தாளில் இல்லை. 2011-ல் சம்மன் வந்தது. நீதிமன்றங்களில் போராடிப் பார்த்தும், 2013-ல் சில ஒலிநாடாக்கள் வட அயர்லாந்துப் போலீஸின் கைக்குப் போயின. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உங்களைப் போலவே ஆய்வு மாணவராக இருந்த ரிக் ஸ்கார்ஸ், விலங்குரிமைப் போராளிகள் தன்னிடம் சொன்னதைச் சொல்ல மறுத்ததற்காக 1993-ல் 159 நாள் சிறையில் இருந்தார். மூன்றாவது கதை ஆறுதலானது. கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக முதுகலை மாணவர் ரஸ்ஸல் ஆக்டென், தற்கொலைக்கு உதவியவர்களைப் பேட்டி எடுத்திருந்தார். 1994-ல் மரண விசாரணை அதிகாரி பெயர்களைக் கேட்டபோது மறுத்தார். ரகசியம் இல்லாமல் இந்த ஆய்வே நடக்காது என்று அவர் வாதிட்டதை அந்த அதிகாரி ஏற்றுக்கொண்டார். பல்கலைக்கழகம் ஆரம்பத்தில் அவர் பக்கம் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு இதில் எது நடக்கும்? 94-வது பிரிவில் உத்தரவு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு மொத்த ஹார்ட் டிஸ்க்கையும் தூக்கிக் கொடுக்கத் தேவையில்லை. வழக்கு ஒருவர் மேல். மற்ற ஏழு பேரின் அந்தரங்கத்துக்கும் அந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம்? 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொன்ன புட்டசாமி தீர்ப்பின்படி, அரசு தலையிடுவதற்கு ஓர் அளவு இருக்க வேண்டும். இதைச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். கைதானவரின் பதிவு மட்டும், அதுவும் முத்திரையிட்ட உறையில், முதலில் நீதிபதி பார்த்து வழக்குக்குத் தேவையா என்று முடிவு செய்யட்டும் என்று கேட்கலாம். நிச்சயம் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கேட்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. சாதனத்தையே பறிமுதல் செய்தால் மகஜர் பிரதி கேளுங்கள், ஹாஷ் வேல்யூ (உள்ளே இருப்பதை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் எண்) எழுதச் சொல்லுங்கள், சோதனையையும் பறிமுதலையும் 105-வது பிரிவின்படி வீடியோ எடுக்கிறார்களா என்று பாருங்கள்.

நான் வழக்கு நடத்தும் நீதிமன்றத்தில் இப்படிப் பறிமுதலான போன்களைப் பார்த்துப் பார்த்து மனசு கனத்திருக்கிறது. பழுப்பு உறை, மேலே வெள்ளைத் துணி போட்டுத் தைத்து, நான்கு மூலையிலும் சிவப்பு அரக்கு. உள்ளே இருக்கும் அந்தச் சின்னச் சாதனத்தில் வழக்குக்குத் தேவையான எண் ஒன்றோ இரண்டோதான். மிச்சமெல்லாம் பால்காரர், அத்தை, டியூஷன் டீச்சர், எப்போதோ காதலித்த ஆள். உங்கள் ஹார்ட் டிஸ்க் அப்படி ஓர் உறைக்குள் போனால் எட்டுப் பேரின் படுக்கையறை அதற்குள் போகும். அதனால்தான் ‘கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்’ என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏழு பேரையும் இப்போதே பிடித்துவிடுவார்களோ என்று நீங்கள் பயப்படும் அளவுக்கு நிலைமை மோசமில்லை. போதைப்பொருள் சாப்பிட்டதற்கு, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-வது பிரிவில் அதிகபட்ச தண்டனை, பொருளைப் பொறுத்து 6 மாதமோ 1 ஆண்டோ. பொருளும் பிடிபடாமல் ரத்தப் பரிசோதனையும் இல்லாமல், எப்போதோ எடுத்தேன் என்று ஆய்வாளரிடம் சொன்ன ஒரு குரலை மட்டும் வைத்துத் தண்டனை வாங்குவது மிகக் கடினம். நீதிமன்றத்துக்கு வெளியே சொன்னதை நீதிபதிகள் பலவீனமான சாட்சியமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். உடலுறவைப் பொறுத்தவரை, வயதுவந்த இருவர் மனமொத்து வைத்துக்கொள்ளும் உறவு, அவர்கள் எந்தப் பாலினத்தவராக இருந்தாலும், உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6-ம் தேதித் தீர்ப்புக்குப் பிறகு குற்றமில்லை. சட்டத்தின் கை நீளாத இடத்திலும் வீட்டுக்காரர், ஆபீஸ், அப்பா என்று வேறு கைகள் நீளும். என் கவலை அதைப் பற்றித்தான்.

இன்னொன்று: யாராவது போதைப்பொருள் எடுத்ததாகச் சொன்னால் போலீஸுக்குத் தகவல் கொடுப்பது கடமை என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பொதுமக்கள் கட்டாயம் தகவல் தர வேண்டிய குற்றங்களைச் சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. அதில் கொலை இருக்கிறது, கொள்ளை இருக்கிறது. போதைப்பொருள் உபயோகம் இல்லை. இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்காக நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

அந்த மூன்று பேர்

மூன்று பேருக்கும் மூன்று விதமான சட்டம். ஒன்றை மற்றதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு நடந்தது பாலியல் வன்முறை. போதையில் என்ன நடக்கிறது என்றே புரியாத நிலையில் இருப்பவரிடமிருந்து சம்மதம் வர முடியாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ‘நானாகத்தானே மாத்திரை போட்டேன்’ என்று அவர் தன்னையே குறை சொல்லிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை போட்டது வேறு, இதற்குச் சம்மதித்தது வேறு. இதை அவரிடம் சொல்லுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. நீங்கள் புகார் கொடுத்தாக வேண்டும் என்ற சட்டம் இல்லை. காலம் கடந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம், இந்தக் குற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், ஒருங்கிணைந்த சேவை மையத்தைப் பற்றியும் சொல்லிவையுங்கள்.

இளைஞர் விஷயம் சிக்கலானது. 17 வயது என்றால் போக்ஸோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். அச்சட்டம் 2012 நவம்பர் 14-ல் நடைமுறைக்கு வந்தது, அவருக்கு நடந்தது அதற்குப் பிறகு. 19-வது பிரிவின்படி குற்றம் நடந்ததை அறிந்த எவரும் தகவல் தர வேண்டும், தராவிட்டால் 21-வது பிரிவில் 6 மாதம்வரை தண்டனை. பாதிக்கப்பட்டவர் இப்போது வளர்ந்துவிட்டார் என்பதற்காக அந்தப் பிரிவு விலக்கு எதுவும் தரவில்லை. தகவல் தருவதுதான் உங்களுக்குச் சட்டப்படி பாதுகாப்பான வழி என்பது என் கருத்து. ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் போய்ச் செய்யாதீர்கள். முதலில் அவரைப் பார்த்து, ‘இப்படி ஒரு கடமை எனக்கு இருக்கிறது, அன்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை’ என்று மன்னிப்புக் கேளுங்கள். அவருடைய அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று அதே சட்டம் கட்டளையிடுகிறது. அதையும் விளக்குங்கள். இதற்கென்றே ஒரு வக்கீலை இந்த வாரமே பாருங்கள். இதைப் பத்திரிகைப் பதிலை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எச்.ஐ.வி. உள்ளவர் விஷயத்தில், உங்கள் கையில் உண்மையிலேயே ஒரு கேடயம் இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், நம்பிக்கையின் பேரில் ஒருவர் சொன்ன அந்த விவரத்தை அவர் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் வெளியிடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. இந்தப் பதிவைக் கேட்டால் உங்கள் வக்கீல் எழுத்தில் சொல்ல வேண்டிய முதல் வரி அதுதான்.

அந்த 500 ரூபாய்

கைதானவரின் கணக்கில் உங்கள் பெயரில் 500 ரூபாய். போலீஸ் கண்ணுக்கு அது பொட்டலம் வாங்கிய காசு மாதிரி தெரிவதில் ஆச்சரியமில்லை. ‘27ஏ போட்டால் பத்து வருஷமாமே’ என்று எழுதியிருக்கிறீர்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவு, கடத்தலுக்கு நிதி கொடுப்பவர்களுக்கானது. பேட்டிக்கு வந்தவருக்கு ஆட்டோ காசு கொடுத்தது அதில் அடங்காது. நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் ‘பங்கேற்பாளர் பயணச் செலவு 500 ரூபாய்’ என்ற வரி இருக்கிறதல்லவா? அந்தப் பக்கத்தை, குழுவின் முத்திரையோடு, நகல் எடுத்து வையுங்கள். எட்டுப் பேருக்கும் ஒரே தொகை போயிருப்பதே நல்ல சாட்சி, ஆனால் மற்ற ஏழு பெயர்களையும் காட்ட வேண்டியதாகிவிடும் என்பதால் அதை நீங்களாக எடுத்து நீட்டாதீர்கள். முதலில் குழுவின் தாள் பேசட்டும்.

சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவதோ, அவருக்கு வக்கீல் பீஸ் கட்டுவதோ இப்போது வேண்டாம். போதைப் பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால், சிறிய அளவு தொடர்பான வழக்கிலிருந்து 64ஏ பிரிவில் விலக்குப் பெற வழி இருக்கிறது. மெத்தம்பெட்டமைனுக்குச் சிறிய அளவு என்பது 2 கிராம். அவரிடம் இருந்தது அதற்குள்ளா என்று எனக்குத் தெரியாது. அவருடைய வக்கீலுக்கு இந்தப் பிரிவு நினைவிருந்தால் போதும்.

விட்டுவிடலாமா?

வேண்டாம். இது வெளிநாட்டுக்காரர்களின் பிரச்சினை, இங்கே எதற்கு என்று உங்கள் துறையில் ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். லண்டனில் 2014-ல் சிக்மா ரிசர்ச் குழு தெற்கு லண்டனின் மூன்று பகுதிகளில் 30 தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களோடு உட்கார்ந்து பேசி ஓர் ஆய்வு வெளியிட்டது. எண்ணிக்கை முப்பதுதான். ஆனால் தனிமை, வெட்கம், சம்மதம் மங்கிப்போவது, பாதுகாப்பு மறந்துபோவது என்று பாலியல் நல மருத்துவர்கள் கேட்டறிய வேண்டியதெல்லாம் அந்தக் குரல்களில் இருந்தது. எண்களை மட்டும் எண்ணியிருந்தால் அது கிடைத்திருக்காது. உங்கள் எட்டுப் பேரில் மூவர் சொன்னதைப் பாருங்கள். அந்தப் பெண்ணும் அந்த இளைஞரும் வேறு யாரிடமாவது இதைச் சொல்லியிருக்கிறார்களா? நீங்கள் கேட்டதால்தான் சொன்னார்கள்.

ஆய்வுத் தலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, வக்கீலாக இல்லாமல் ஒரு வாசகனாக. அடுத்த கட்டத்தில் ஓரினச்சேர்க்கையாளர்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறீர்கள். 2019-ல் வெளியான குளோபல் டிரக் சர்வே ஆய்வில் 22,289 பேர் பதில் சொன்னார்கள். உறவோடு போதையைச் சேர்ப்பது எல்லாப் பாலினத்தாரிடமும் எல்லா ஈர்ப்பாளரிடமும் இருந்தது. தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களிடம் அது கூடுதல். அதிகம் பயன்பட்ட பொருட்களில் மது இருந்தது, கஞ்சா இருந்தது. நம் ஊரில் ஒரு கூட்டத்தை மட்டும் பிரித்து எழுதினால் பழி அவர்கள் தலையில் விழும், கல்யாணமானவர்களின் பாட்டில் யார் கண்ணுக்கும் படாமல் போய்விடும்.

ஆனால் இனி இதே முறையில் செய்யாதீர்கள். 1960-களில் லாட் ஹம்ஃப்ரீஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பொதுக் கழிப்பறைகளில் உறவுக்கு வந்த ஆண்களின் கார் நம்பரைக் குறித்துக்கொண்டு, ஒரு வருடம் கழித்து வேடம் மாற்றி அவர்கள் வீட்டுக்கே போய் வேறு சர்வே என்று சொல்லிப் பேட்டி எடுத்தார். அந்த ஆண்கள் கைது செய்யப்பட வேண்டியவர்கள் அல்லர் என்றுதான் அவர் வாதிட்டார். ஆனால் அந்தப் பட்டியல் போலீஸ் கையில் கிடைத்திருந்தால் ஒவ்வொருவர் குடும்பமும் நாசமாகியிருக்கும். உங்கள் போனில் பெயர் வைத்த எட்டு ஃபைல்கள் அதே பட்டியல்தான், நல்ல மனதோடு தயாரித்தது என்பதைத் தவிர.

பெயரைக் கேட்காதீர்கள். அவர்களே ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளட்டும். கையெழுத்துக்குப் பதிலாக, சாட்சி முன்னிலையில் வாய்மொழிச் சம்மதம் வாங்க அனுமதி கேளுங்கள். நெறிமுறைகளில் அதற்கு இடமிருக்கிறது. காசை ரொக்கமாகக் கொடுத்து, புனைபெயரில் வவுச்சர் போடுங்கள். போனில் பதிவு வேண்டாம். இணைய இணைப்பில்லாத தனிப் பதிவுக் கருவி வாங்குங்கள். இத்தனை நாளுக்குள் எழுத்தாக்கி ஒலியை அழிப்பேன் என்று திட்டத்திலேயே எழுதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கி, அதன்படி தவறாமல் அழியுங்கள். யார் விற்கிறார்கள், எந்த வீடு, எந்த ஹோட்டல் என்று கேட்காதீர்கள். உங்கள் ஆய்வுக்கு அது தேவையே இல்லை.

எட்டாவதாகப் பேசிய தம்பிக்குப் போன் செய்யாதீர்கள், வாட்ஸ்அப்பிலும் எழுதாதீர்கள். வக்கீலிடம் பேசிய பிறகு, உங்கள் வக்கீல் மூலமாக, என்ன நடக்கிறது என்று அவருக்கும் மற்ற ஆறு பேருக்கும் தெரியட்டும். தங்களுக்கென்று சட்ட உதவி தேட அவர்களுக்கும் நேரம் வேண்டும். வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

அடுத்த பேட்டிக்கு முன் படிவத்தின் அந்தப் பழைய வரியை அடித்துவிட்டு இதைப் போடுங்கள். பேசும் தமிழிலேயே எழுதித் தருகிறேன், படித்துக் காட்ட வசதியாக இருக்கும்:

“உங்க பேர் எனக்கு வேண்டாம். நீங்க சொல்றதை நானா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா கோர்ட் கேட்டா மறுக்கிறதுக்கு எனக்குச் சட்டத்துல உரிமை இல்லை. 18 வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கு நடந்த பாலியல் குற்றத்தைப் பத்திச் சொன்னா, அதை நான் போலீஸ்ல சொல்லியாகணும். அதனால ஆள் பேர், இடம், தேதி எதையும் சொல்லாம பேசுங்க. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாம இருக்கலாம். பாதியில எழுந்து போகலாம், பயணக் காசு அப்பவும் உண்டு.”

இதைக் கேட்டுவிட்டு ஒருவர் எழுந்து போனால், அவர் கையில் காசைக் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவையுங்கள்.